ஏரியில் தண்ணீர் இருக்கிறது, தவளை ஏன் இல்லை?

பெங்களூரில் சீரமைத்த ஏரிகள் இன்று நிறைய இருக்கின்றன. சுற்றிலும் வேலி, நடைபாதை, கல் பதித்த கரை, நடுவில் பறவைகளுக்கு ஒரு மண்திட்டு, ஆண்டு முழுக்கத் தண்ணீர். மே மாதக் கோடைமழை கொட்டி ஓய்ந்த இரவில் இப்படிப்பட்ட ஏரிகள் சிலவற்றின் கரையில் நின்றால் தேரைகளின் குரல் மட்டும்தான் கேட்கிறது. சற்றுத் தள்ளி, இன்னும் வீடு எழும்பாத காலி மனையில் முழங்கால் அளவுக்கு மழைநீர் தேங்கிய பள்ளத்தில் மூன்று நான்கு வகைத் தவளைகள் காது வலிக்கக் கத்துகின்றன. கோடிக்கணக்கில் செலவழித்த ஏரியை விட்டுவிட்டு, நாளை மண்போட்டு மூடப்போகும் பள்ளத்தைத் தவளை ஏன் தேடிப்போகிறது? இதற்கு விடை தெரிந்தால், உலகெங்கும் தவளைகள் ஏன் அருகுகின்றன என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

தவளை, தேரை, சாலமாண்டர், மண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்கள் ஆகிய நான்கையும் சேர்த்து இருவாழ்விகள் என்கிறோம். பெங்களூர்வாசிகள் பார்க்கக்கூடியவை தவளையும் தேரையும்தான். இவற்றின் வாழ்க்கை இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முட்டையும் தலைப்பிரட்டையும் தண்ணீரில். வளர்ந்தபின் பெரும்பாலானவை நிலத்தில், ஈரமண்ணிலும் சருகிலும் புதரிலும். ஆக ஒரு தவளைக்கு மூன்று இடங்கள் தேவை: குஞ்சு வளரும் நீர், பெரியது வாழும் நிலம், இரண்டுக்கும் நடுவே உயிரோடு போய்வர ஒரு வழி. மூன்றில் எது அறுந்தாலும் அந்த இடத்தில் தவளை இருக்காது.

முதலில் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் அழுத்தி அதன் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. முட்டைக்கு ஓடு கிடையாது, மேலே வழவழப்பான கூழ்ப்படலம் மட்டும்தான். எனவே சோப்புத்தூள், ஃபினாயில், களைக்கொல்லி என்று தண்ணீரில் கரைந்திருக்கும் எதையும் உடலுக்குள் விடாமல் தடுக்கத் தவளைக்கு வழியில்லை. கொசுவிரட்டிக் களிம்போ கிருமிநாசினியோ தடவிய கையால் தவளையைத் தூக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

குட்டையின் கணக்கு

கூட்டமாகக் கத்தும் நம்மூர்த் தவளைகளில் பல, ஏரியின் ஆழமான நீரில் முட்டையிடுவதில்லை. அவை தேடுவது மழைக்குப் பிறகு புதிதாகத் தேங்கிய, வெயில் படும், ஆழமில்லாத நீர். குறுவாய்த் தவளையின் முட்டைகள் நீர்மேல் மெல்லிய ஏடாகப் பரவுகின்றன. தேரை நீண்ட கூழ்ச்சரங்களாக இடுகிறது. வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மரத்தவளை, நீருக்கு மேலே செடியிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டுகிறது. பொரித்த குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழுகின்றன. பலூன் தவளையும் வளை தோண்டும் தவளைகளும் ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, பெருமழை பெய்யும் சில இரவுகளில் மட்டும் வெளியே வந்து இனப்பெருக்கம் செய்கின்றன.

முட்டை சில நாட்களில் பொரிக்கும். அதன்பின் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேற இனத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஐந்து, ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நீர் வற்றினால் அந்த ஆண்டின் குஞ்சுகள் மொத்தமும் போயிற்று. அப்படியானால் வற்றாத நீர்தானே நல்லது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வற்றாத நீரில் மீன் இருக்கிறது. முட்டையையும் தலைப்பிரட்டையையும் மீன்கள் விட்டுவைப்பதில்லை. ஆகவே இத்தவளைகளுக்கு ஏற்ற நீர், குறைந்தது நாற்பது நாள் நிற்க வேண்டும். கோடையில் வற்றவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் ஏரிச் சீரமைப்புத் திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

சீரமைத்த ஏரியில் தேரைக் குரல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது என்பதும் இப்போது புரியும். தேரையின் முட்டையிலும் தலைப்பிரட்டையிலும் கசப்பான நச்சு உண்டு. பல மீன்கள் அவற்றைத் தீண்டுவதில்லை. நீர்மேல் தத்தி ஓடும் சாம்பல்நிறத் தவளையும் ஓரளவு அழுக்குத் தண்ணீரைத் தாங்கும். தாக்குப்பிடிக்கும் இந்த ஓரிரு இனங்களின் குரலைக் கேட்டுவிட்டு ‘தவளைதான் இருக்கிறதே’ என்று நினைத்தால், பிடிவாதமான தேவைகள் கொண்ட மற்ற இனங்கள் ஒவ்வொன்றாகப் போனதைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

பழைய ஏரி எப்படி இருந்தது? மழைநீரைத் தேக்க ஒரு பக்கம் மண்கரை. எதிர்ப்பக்கம் தரை மெல்ல மெல்ல உயர்ந்து வயலோடும் புல்வெளியோடும் கலந்துவிடும். கோடையில் நீர் பின்வாங்கும், சேறு வெடிக்கும், விவசாயிகள் வண்டலை அள்ளிப் போவார்கள், மீன் குறையும். அடுத்த மழையில் அந்த விளிம்பு முழுக்கச் சிறுசிறு குட்டைகளாகும். இன்று தூர்வாரும்போது ஏரியைக் கிண்ணம் போலத் தோண்டி, சுற்றிலும் கரை எழுப்பிக் கல் பதிக்கிறார்கள். சரிவின் கணக்கைப் பாருங்கள். 1-க்கு 8 சரிவில் (எட்டு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம்) நீர்மட்டம் 30 செ.மீ. இறங்கினால் 2.4 மீட்டர் அகலத்துக்கு ஈரக்கரை வெளிப்படும். 1-க்கு 1.5 சரிவுள்ள கல்கரையில் அதே 30 செ.மீ. இறங்கினால் வெளிப்படுவது வெறும் 45 செ.மீ. கல். முட்டையிட ஆழமற்ற நீர் இல்லை, ஒளிய புல் இல்லை, கரையேறும் குஞ்சுக்கு ஈரமண் இல்லை. இதனோடு, சுத்திகரித்த கழிவுநீரை விட்டு ஏரியை ஆண்டு முழுக்க நிரப்பி வைக்கிறோம். கொசுவை ஒழிக்க கம்பூசியா, கப்பி மீன்களை விடுகிறோம். திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எப்படியோ வந்துசேர்கின்றன. நிலத்தடி நீருக்கும் பறவைக்கும் நடைப்பயிற்சிக்கும் இந்த ஏரி நல்லதாக இருக்கலாம். தவளைக்கு அது மூடிய கதவு.

கழிவுநீரே சுத்திகரிக்கப்படாமல் வரும் ஏரிகளின் கதை வேறு. பெல்லந்தூரும் வர்த்தூரும் நுரைத்துத் தீப்பிடித்ததை நாடே பார்த்தது. அந்த நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நுரையும் கூடவே வருகிறது. பெங்களூர் ஏரியின் நோய் கர்நாடகத்தோடு நிற்பதில்லை.

கரைக்கு வெளியே 290 மீட்டர்

ஏரியைப் பாதுகாப்பது என்றால் நீரைப் பாதுகாப்பது என்றே பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான ஒரு கணக்கின்படி, இருவாழ்விகள் வாழ்நாளில் பயன்படுத்தும் நிலம் நீர்விளிம்பிலிருந்து 159 முதல் 290 மீட்டர் வரை நீள்கிறது. ஊர்வனவற்றுக்கு 127 முதல் 289 மீட்டர். நம் இனங்களுக்கு எண்கள் கொஞ்சம் மாறலாம், கருத்து மாறாது. பெங்களூரின் 2015 பெருந்திட்டம் ஏரியைச் சுற்றி விடச்சொன்ன இடம் 30 மீட்டர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் அதை 75 மீட்டராக்கியது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. 75 மீட்டர் இருந்திருந்தாலும் தவளையின் தேவையில் பாதியை எட்டியிருக்காது.

அந்த நிலத்தில் என்ன இருக்க வேண்டும்? தோண்டக்கூடிய மண். 2020-இல் பெங்களூரின் பெயரையே தாங்கி ஒரு புதிய தவளை இனம் அறிவியலுக்கு அறிமுகமானது: ஸ்பேரோதீகா பெங்களூரு. கிடைத்த இடம் நகரின் வடக்கு விளிம்பில் உள்ள ராஜனகுண்டே பகுதி. பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி போன்ற புடைப்பு கொண்ட இந்த வகைத் தவளைகள் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். வெற்று நிலத்தைத் ‘தரிசு’ என்று எழுதி மனையாக்கும்போது, மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருப்பவை மேலே வர முடியாமல் சிமெண்டுக்கு அடியில் சாகின்றன. வெளியே ஒரு தடயமும் இருக்காது.

இன்னொன்று, குட்டைகளுக்கு இடையிலான உறவு. சின்னத் தவளைகளுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். ஒரு குட்டையில் இரண்டு மூன்று மழைக்காலம் தொடர்ந்து பொய்த்தால் அங்குள்ள கூட்டம் அழிந்துபோவது இயல்பு. பக்கத்துக் குட்டையிலிருந்து சில தவளைகள் நடந்து வந்து அதை மறுபடி நிரப்பும். இப்படி அணைவதும் மறுபடி பற்றுவதுமாகத்தான் ஒரு வட்டாரத்தின் தவளைகள் நிலைக்கின்றன. நடுவில் நாலுவழிச் சாலை வந்துவிட்டால் அணைந்த குட்டை அணைந்ததுதான். முன்பு ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடிய ராஜகாலுவேக்கள் என்ற மழைநீர்க் கால்வாய்கள் மண்ணும் புல்லுமாக இருந்து இந்த வழியைக் கொடுத்தன. இப்போது அவை செங்குத்தான சிமெண்டுச் சுவர்கள். உள்ளே விழுந்த தவளை ஏற முடியாது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கமும், தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையமும் வந்தபோது இரண்டு ஏரிகள் போனது மட்டும் கணக்கில் வந்தது. சங்கிலியில் இரண்டு கண்ணிகள் அறுந்தது கணக்கில் வரவில்லை.

உலக அளவில் 2023 அக்டோபரில் வெளிவந்த மதிப்பீடு 8,011 இருவாழ்வி இனங்களை ஆராய்ந்தது. 41 சதவீதம் அழியும் அபாயத்தில் உள்ளன. பாலூட்டிகளில் இது ஏறக்குறைய நாலில் ஒன்று, பறவைகளில் எட்டில் ஒன்று. முதுகெலும்புள்ள உயிரினங்களில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு வகுப்பு இல்லை. 2004 வரை பல இனங்களை அழிவை நோக்கித் தள்ளிய பெரிய காரணம் கைட்ரிட் என்ற பூஞ்சை நோய். தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்திவிடும். 501 இனங்களை இது குறைத்தது, 90 இனங்கள் அழிந்தேபோயிருக்கலாம் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மத்திய, தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அதிகம் அடிவாங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. 2004-க்குப் பிறகு முன்னால் வந்து நிற்பது பருவநிலை மாற்றம்: மழை தள்ளிப்போவது, குட்டை நாற்பது நாள் நிற்காதது. நம் நாட்டில் இன்னொரு பழைய காரணமும் இருந்தது. தவளைக்கால் ஏற்றுமதி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் போய்க்கொண்டிருந்தது. 1987-இல் அரசு தடை செய்தது.

ஊர்வன வேறு ரகம்

பாம்பு, பல்லி, ஓணான், அரணை, உடும்பு, ஆமை, முதலை. செதில்தோல் நீரைக் கசியவிடாது; முட்டைக்கு உறை உண்டு. அதனால் குட்டையை நம்பி வாழ வேண்டிய கட்டாயம் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 2022-இல் வந்த முதல் முழு மதிப்பீடு 10,196 இனங்களைப் பார்த்து, 21 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. ஆமைகளில் மட்டும் பாதிக்கு மேல்.

உடல் வெப்பத்தை வெளியிலிருந்து வாங்குபவை என்பதால் இவற்றுக்கு வெயிலும் நிழலும் அருகருகே வேண்டும்: பாறை, பாறை இடுக்கு, கறையான் புற்று, கற்குவியல். பெங்களூரைச் சுற்றியுள்ள கருங்கல் பாறைகளில் வாழும் பாறை ஓணானின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பும் கறுப்புமாக ஜொலிக்கும். இந்திய அறிவியல் கழகத்தில் இவற்றை நகரிலும் கிராமத்திலும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். புறநகர் ஓணான்கள் ஆபத்திலிருந்து ஒளியும் இடத்தை வேகமாகக் கற்றுக்கொள்கின்றன என்று தெரியவந்தது. ஆனால் கற்றுக்கொள்ளப் பாறை மிச்சமிருக்க வேண்டும். தவளை குறைந்தால் அதைத் தின்று வாழும் தண்ணீர்ப்பாம்பும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்வனவற்றின் கதையில் வியாபாரத்துக்கு இருக்கும் பங்கு, நம் நாட்டுத் தவளைகளின் கதையில் இன்று இல்லை. நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அது குற்றம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் முழுத் தடையில் இருக்கிறது. வறண்ட புல்வெளியில் புல்லும் இலையும் மேய வேண்டிய பிராணிக்குச் சோறும் ரொட்டியும் போட்டால் ஓடு கூம்புகூம்பாகப் புடைத்து எலும்பு வலுவிழக்கும். பயந்துபோய்க் கண்ட காட்டில் விடவும் கூடாது. வடமேற்கு இந்தியாவின் ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபில் வேறுபட்டவை. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

மண்ணுளிப் பாம்பின் நிலை இன்னும் கொடுமை. வால் மொட்டையாக இருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர் வாங்கிய அந்தச் சாதுவுக்கு ‘எடை கூடினால் கோடி ரூபாய்’ என்று ஒரு பொய்ச் சந்தை நடக்கிறது. எடையைக் கூட்ட அதற்கு எதையெதையோ ஊட்டிக் கொல்கிறார்கள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் சிறைக்குப் போவார்கள், பாம்பு செத்துப்போகும். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கிய சிவப்புக்காது ஆமை வளர்ந்து தட்டு அளவாகிவிட்டது என்று அல்சூர் ஏரியிலோ வேறு ஏரியிலோ விடுவதும் உதவியாகாது. அது வெளிநாட்டு இனம். நம் நாட்டு ஆமைகளோடு உணவுக்கும் வெயில்காயும் இடத்துக்கும் போட்டியிடும், நோயையும் கொண்டுவரும்.

குடியிருப்பில் செய்யக்கூடியது

அடுக்குமாடி வளாகத்தில் கொஞ்சம் மண் இருந்தால் ஒரு தவளைக் குட்டை சாத்தியம். 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் போதும். ஒரு முனையில் தரைமட்டத்தில் தொடங்கி மறுமுனையில் 45 செ.மீ. ஆழம் வரை ஒரே சரிவாக இறங்கட்டும். சுமார் 1,100 லிட்டர் பிடிக்கும். அடியில் 5 செ.மீ. மணல், மேலே கெட்டியான குளத்துத் தார்ப்பாய், அதன்மேல் உரம் கலக்காத மண் 5 செ.மீ. உரமண் போட்டால் பாசி பொங்கி, இரவில் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து குஞ்சுகள் செத்து மிதக்கும். பாதி வெயில் படும் இடம் வேண்டும். விளிம்பில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, கோரை நடுங்கள். நிரப்ப மழைநீரே சிறந்தது. குழாய்நீர்தான் என்றால் குளோரின் பறக்க இரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்துப் பிறகு விடுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வளாகத்தில் சுற்றிலும் தாழ்வான வேலி கட்டாயம். தவளையை எங்கிருந்தும் பிடித்துவந்து விடாதீர்கள். நோயும் கூடவே வரும். அருகில் இருந்தால் ஒரு பெருமழையில் தானாக வரும். பிப்ரவரியிலிருந்து வற்ற விட்டுவிடுங்கள்.

கொசு வரும் என்று குடியிருப்போர் சங்கம் ஆட்சேபிக்கும்; நியாயமான கவலை. தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசிதான் மேய்கிறது, கொசுப்புழுவை அது அழித்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தும்பியின் இளம்புழுவும் நீர்ப்பூச்சிகளும்தான் கொசுப்புழுவைத் தின்பவை. அவை செடியுள்ள குட்டையில் சேரும், பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் சேராது. டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே சின்னப் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்ப்பதும் குட்டையில் புழுவைப் பார்த்தால் வலையால் அரித்தெடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். கப்பி மீன் மட்டும் வேண்டாம். விட்டால் அது மீன்தொட்டி ஆகிவிடும்.

குட்டை வெட்ட இடமில்லாதவர்கள் குழிகளைப் பார்க்கலாம். தண்ணீர் மீட்டர் குழி, திறந்த சம்ப் (நிலத்தடி நீர்த்தொட்டி), மழைநீர் மீள்நிரப்புக் கிணறு, நீச்சல் குளம் எல்லாவற்றிலும் தவளையும் அரணையும் விழுந்து ஏற வழியின்றிச் சாகின்றன. ஆழமற்ற குழியில் சாக்கு சுற்றிய பலகையைச் சாய்த்து வையுங்கள். கிணற்று மூடியின் துளைகளுக்குக் கொசுவலை அடியுங்கள். வெளிவிளக்குகள் கீழ்நோக்கிய மஞ்சள் விளக்குகளாக இருந்தால் பூச்சி குறையும்; பூச்சியைத் தேடிச் சாலைக்கு வந்து நசுங்கும் தேரையும் குறையும்.

வளாகத்துக்குள் பாம்பு வந்தால் மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணில் வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற மீட்பரையோ கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணையோ அழையுங்கள். சாரையாக இருந்து தானே போய்க்கொண்டிருந்தால் போகவிடுங்கள்; எலி குறையும். பாம்பைப் பிடித்து வெகுதூரத்தில் விடுவது கருணை போலத் தெரியும். பழகிய வளையும் இரையும் தெரியாத இடத்தில் அது அலைந்து அலைந்தே சாகும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள் வராமல் தடுக்கக் கதவடி இடைவெளியை அடைப்பதும் குப்பையை அகற்றி எலியைக் குறைப்பதும் போதும்.

கணக்கெடுக்க விரும்பினால் முறை எளிது. மழை பெய்த மறுநாளுக்குள், இரவு 7.30-க்கும் 9.30-க்கும் இடையில், எப்போதும் ஒரே இடத்தில் நில்லுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தபின் ஐந்து நிமிடம் கேளுங்கள். குரலே இல்லை என்றால் 0, தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, ஒன்றோடொன்று கலந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2, இடைவிடாத கூட்டுக்குரல் என்றால் 3. ஒரு நிமிடம் கைபேசியில் பதிந்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். இனத்தை மற்றவர்கள் அடையாளம் சொல்வார்கள். பூஜ்யத்தையும் எழுதிவையுங்கள். ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் செருப்புச் சேற்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் முழுதாகக் காயவிட வேண்டும். கைட்ரிட் பூஞ்சை உலர்ந்தால் சாகும்.

உங்கள் ஏரியில் தூர்வாரும் வேலை வரப்போகிறது என்றால் இந்தக் கணக்கேடு கையில் இருப்பது பெரிய பலம். வரைபடம் முடிவாகும் முன்பே ஏரிக்குழுவிடம் கேளுங்கள்: மழைநீர் உள்ளே வரும் பக்கத்தில் ஒரு கரையை மட்டுமாவது கல் பதிக்காமல் 1-க்கு 8 சரிவில் விடுங்கள், அந்தப் பக்கம் நடைபாதை வேண்டாம், பிரதான நீரோடு சேராத, கோடையில் வற்றும் குட்டைகள் இரண்டு மூன்றைக் கரைக்கு வெளியே விட்டுவையுங்கள், அவற்றில் மீன் விடாதீர்கள், தோண்டும் வேலையைக் கோடைமழை தொடங்கும் முன் முடியுங்கள், அள்ளிய வண்டலை அந்தக் குட்டைகளில் கொட்டாதீர்கள்.